பட்டம் விடும் வில்லனும் பாட்டுப் பாடும் வில்லனும்

சூப்பர்ஹீரோ கார்ட்டூன் என்று பேச்செடுத்தால் விமர்சகர்களுக்கு 1992-ஐ விட்டு நகர மனம் வருவதில்லை. புரூஸ் டிம்மும் எரிக் ராடோம்ஸ்கியும் உருவாக்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' வந்த ஆண்டு அது. 'எக்ஸ்-மென்' வந்ததும் அதே ஆண்டில்தான். முன்னது இருட்டும் சோகமுமாகச் சிறுவர் தொடருக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. பின்னது காமிக்ஸில் பல இதழ்களுக்கு நீண்ட கதைகளைச் சனிக்கிழமைக் காலைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு 2001-இல் 'ஜஸ்டிஸ் லீக்', 2003-இல் 'டீன் டைட்டன்ஸ்', இரண்டே சீசனில் நின்றுபோன 'தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' என்று பட்டியல் போகும். 2008 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி, 65 எபிசோடுகள் ஓடி, 2011 நவம்பரில் முடிந்த 'பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்' இந்தப் பட்டியலின் வாலில்தான் வரும். "சின்னப் பிள்ளைகளுக்கானது" என்ற அடைமொழியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கானதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் காமிக்ஸ் பக்கம் அழைத்துவரும் வேலையை இந்தத் துறையில் வேறெந்தத் தொடரும் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்பது என் கட்சி.

தொடருக்கு நேரம் சரியாக அமையவில்லை. அது தொடங்கிய அதே ஆண்டு ஜூலையில்தான் கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' வந்திருந்தது. பேட்மேன் என்றால் தொண்டை கரகரக்க, முகம் இறுகி, ஊரே பற்றி எரிய வேண்டும் என்று உலகம் முடிவுகட்டியிருந்த வேளை. அந்த நேரத்தில் தொடரை உருவாக்கிய ஜேம்ஸ் டக்கரும் மைக்கேல் ஜெலெனிக்கும் 1940, 50-களில் டிக் ஸ்பிராங் வரைந்த பேட்மேனைத் தேடிப் போனார்கள். அகன்ற தாடை, தடித்த கோடுகள், பளிச்சென்ற வண்ணங்கள். டீட்ரிக் பேடர் கொடுத்த குரலில் துளி சிரிப்பும் கிடையாது. சுற்றி நடப்பது எத்தனை கோமாளித்தனமாக இருந்தாலும் இந்தப் பேட்மேன் அதை முழு அக்கறையோடு எதிர்கொள்வான். தொடரின் நகைச்சுவை மொத்தமும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

தலைப்பு பழைய காமிக்ஸிலிருந்து எடுத்தது. 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' இதழை டிசி நிறுவனம் 1955-இல் தொடங்கியது. ஜஸ்டிஸ் லீக் முதன்முதலில் தலைகாட்டியதும் இதன் 28-ஆம் இதழில்தான். 1960-களின் பிற்பகுதியிலிருந்து 1983-இல் நிற்கும்வரை, இதழுக்கு ஒரு நாயகன் பேட்மேனோடு கைகோப்பது என்பதே அதன் வாடிக்கை. தொடரும் அந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டது. பேட்மேனை எல்லோருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்பவரைப் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத வீட்டுக்குள் நுழைவது பிள்ளைகளுக்குப் பழக்கமான காரியம்தானே.

புதிதாகக் காமிக்ஸ் வாங்கப்போகும் யாரையும் மிரட்டுவது அதன் பழைய கணக்குதான். எழுபது ஆண்டுக் கதை, யார் செத்தார், யார் திரும்பி வந்தார், இதைப் படிக்க எதை முதலில் படித்திருக்க வேண்டும்? இந்தத் தொடர் அந்தக் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்தது. பெரும்பாலான எபிசோடுகளின் தொடக்கத்தில், தலைப்பு வருவதற்கு முன், ஒரு குட்டிக் கதை ஓடும். அது பாதிச் சண்டையில் தொடங்கும், பின்னால் வரும் பெரிய கதைக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. முதல் எபிசோடில் பேட்மேனும் கிரீன் ஆரோவும் கடிகார வில்லன் கிளாக் கிங்கிடம் சிக்கிக்கொண்டிருப்பார்கள். யார் இவர்கள், எப்படி மாட்டினார்கள் என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பிள்ளைகள் அதைக் கேட்பதும் இல்லை. நடுவிலிருந்து நுழைந்தாலும் கதை புரியும் என்ற தைரியத்தை இந்தச் சில நிமிடங்கள் வாராவாரம் பழக்கிவிட்டன. பழைய இதழ்க் குவியலிலிருந்து கைக்கு வந்ததை உருவிப் படிக்க அந்தத் தைரியம் ஒன்று போதும்.

அதே எபிசோடின் பெரிய கதையில் பேட்மேனோடு வருவது ப்ளூ பீட்டில். டெக்சாஸின் எல் பாசோ ஊர்ப் பையன் ஹைமே ரேயஸ், காமிக்ஸில் 2006-இல்தான் அறிமுகமானவன். சூப்பர்மேனை ஓரமாக வைத்துவிட்டு, பிறந்து இரண்டே ஆண்டான பாத்திரத்தோடு தொடரைத் தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். பின்னால் வரும் ஒரு எபிசோடில் தனக்கு முன் டெட் கார்ட் என்றொருவர் இதே பெயரோடு வாழ்ந்ததை ஹைமே தெரிந்துகொள்கிறான். பெயர் ஒன்று, ஆட்கள் பலர் என்ற காமிக்ஸ் மரபு பார்க்கும் பிள்ளைக்கும் அவனோடு சேர்ந்தே புரிந்துவிடுகிறது. 2023-இல் ஹைமே தனிப் படத்துக்கே நாயகன் ஆனான்.

கேலிப்பொருளாகிப்போனவர்களை இந்தத் தொடர் நடத்திய விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. 'சூப்பர் ஃப்ரெண்ட்ஸ்' என்ற பழைய கார்ட்டூன் காலத்திலிருந்தே மீனோடு பேசுபவர் என்று நகைக்கப்பட்ட அக்வாமேன், ஜான் டிமாஜியோவின் குரலில் இங்கே வாய் ஓயாத சாகசக்காரராக மாறினார். தன் வீரக் கதைகளுக்குத் தானே தலைப்பு வைப்பவர், குடும்பத்தோடு சுற்றுலா போன இடத்திலும் சாகசம் கிடைக்காதா என்று துடிப்பவர். பட்டம் விட்டுக் கொள்ளையடிக்கும் கைட் மேனும் உண்டு, பிளாஸ்டிக் மேன் என்ற நாயகனின் பழைய முதலாளியாக. இவர்களைப் பார்த்துத் தொடர் சிரிக்கிறது, ஆனால் ஒருவரையும் அவமானப்படுத்துவதில்லை. நீல் பேட்ரிக் ஹாரிஸ் குரல் கொடுத்த மியூசிக் மெய்ஸ்டர், கேட்பவர்களைப் பாட்டால் ஆட்டிவைக்கும் வில்லன். அந்த எபிசோடு ஒரு முழு இசைநாடகம். இந்தத் தொடருக்காகவே பிறந்த அந்த வில்லன் பின்னாளில் நடிகர்கள் நடித்த தொலைக்காட்சித் தொடர்களுக்கும் போய்ச் சேர்ந்தான்.

"லேசான தொடர்" என்பவர்கள் 'சில் ஆஃப் தி நைட்' எபிசோடைப் பார்த்திருக்க மாட்டார்கள். பால் டினி எழுதியது. பெற்றோரைக் கொன்ற ஜோ சில்லைப் பேட்மேன் கண்டுபிடிக்கிறான். பழிவாங்குவானா மாட்டானா என்று அமானுஷ்ய சக்திகளான ஸ்பெக்டரும் ஃபேன்டம் ஸ்ட்ரேஞ்சரும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இடையில் காலம் கடந்து ஒரு மாறுவேட விருந்துக்குப் போகும் பேட்மேன், வௌவால் வேடமிட்ட தன் தந்தையோடு தோளோடு தோள் நின்று அடியாட்களோடு மோதுகிறான். குரல்களைக் கவனியுங்கள். தந்தைக்கு 1966 தொலைக்காட்சித் தொடரின் பேட்மேன் ஆடம் வெஸ்ட், தாய்க்கு அதே தொடரில் கேட்வுமனாக வந்த ஜூலி நியூமர். ஸ்ட்ரேஞ்சருக்கு 1992-இன் பேட்மேன் கெவின் கான்ராய், பழிவாங்கத் தூண்டும் ஸ்பெக்டருக்கு அந்தத் தொடரின் ஜோக்கர் மார்க் ஹாமில். முடிவில் ஜோ சில் வில்லன்களிடம் அடைக்கலம் தேடி ஓடுகிறான். பேட்மேன் உருவாகக் காரணமே நீதானா என்று அவர்கள் அவன்மீதே பாய்கிறார்கள். 1948-இல் காமிக்ஸில் வந்த திருப்பம் இது. இது எதுவும் தெரியாத பிள்ளைக்கும் கதை முழுசாக நிற்கிறது. தெரிந்த பெரியவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண் பாத்திரங்களுக்கு நாயகர்களுக்குக் கிடைத்த விஸ்தாரம் கிடைக்கவில்லை. 1953-இல் 'மேட்' இதழில் வந்த பேட்மேன் கேலிக்கதை, ஜிரோ குவாட்டாவின் ஜப்பானிய பேட்மேன் மங்கா ஆகியவற்றைப் படமாக்கிய எபிசோடு காமிக்ஸ் பித்தர்களுக்குத் தீனி. சிறுவர்களுக்குப் பாதி விளங்காது.

பெரிய குறை தொடருக்கு வெளியே இருந்தது. அழைத்துவந்த விருந்தாளியை உட்காரவைக்க நிறுவனத்திடம் இடம் போதவில்லை. ஷோலி ஃபிஷ் போன்றவர்கள் எழுதிய, தொடரின் துணை காமிக்ஸும், ஆர்ட் பால்டசாரும் ஃபிராங்கோவும் செய்த சிறுவர் இதழான 'டைனி டைட்டன்ஸும்' நன்றாகவே இருந்தன. ஆனால் 2011 செப்டம்பரில், தொடர் இன்னும் முடியாத நிலையில், டிசி தன் இதழ்களையெல்லாம் ஒன்றாம் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கியது. புதிய வாசகர்களை வரவேற்பதே நோக்கம் என்றார்கள். அதில் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் ஜோக்கரின் முகத்தோல் உரிக்கப்பட்டுச் சுவரில் தொங்கியது. அக்வாமேனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்த பிள்ளை கடையில் அதைப் புரட்டியிருந்தால் என்ன நினைத்திருக்கும்?

நடக்கப்போவது தொடரைச் செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கடைசி எபிசோடில், 1959 காமிக்ஸிலிருந்து வந்த குறும்புக் குட்டி பேட்-மைட், இந்தத் தொடர் சலித்துவிட்டது, இதை நிறுத்தினால்தான் இருண்ட பேட்மேன் வருவான் என்று கங்கணம் கட்டிக்கொள்கிறான். ஒவ்வொன்றாகக் கெடுத்து, வென்றும்விடுகிறான். அப்படியொரு இருண்ட தொடரில் உனக்கு மட்டும் ஏது இடம் என்று ஆம்புஷ் பக் என்ற இன்னொரு குறும்புப் பாத்திரம் கேட்டதும் அவனே காற்றில் கரைந்துபோகிறான். 2013-இல் இறுகிய முகத்தோடு கணினி வரைகலையில் 'பிவேர் தி பேட்மேன்' வந்தது. 26 எபிசோடுகளோடு அது நின்றது.