உபதேசம் ஓயுமிடம்

அமெரிக்க மனநோய் மருத்துவர் இர்வின் யாலோம் 1970-இல் வெளியிட்ட ‘குழு உளச்சிகிச்சையின் கோட்பாடும் நடைமுறையும்’ என்னும் நூல் 2020-இல் ஆறாம் பதிப்புக் கண்டது. போதிப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மை இந்நூல் சற்றே சுடுகிறது.

1905-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர் காசநோயாளரைக் கூட்டிப் பாடம் நடத்தினார். இச்சிகிச்சையின் வரலாற்றை அவ்வகுப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். யாலோமோ பாடத்தைப் பின்னிறுத்துகிறார். ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுகையில், இத்துயர் தமக்கு மட்டுமன்று என ஒருவர் உணர்வதும், பிறருக்கு உதவித் தம் மதிப்பை மீளப் பெறுவதும் குணமளிக்கும் என்கிறார். இத்தகைய காரணிகள் பதினொன்றை அவர் எண்ணுகிறார். குறிப்பிட்ட அறிவுரையால் நேரே விளையும் பயன் அரிதாம்; அதில் வெளிப்படும் அக்கறையே பயனுடையதாம்.

இந்நூலில் ஒரு குறையும் உண்டு. மாதக்கணக்கில் தொடர்ந்து வருவோரையே இது பெரிதும் கருதுகிறது. சின்னாட்களே மருத்துவமனையில் தங்குவோர்க்கு என்ன வழி? அவர்களுக்கென 1983-இல் அவரே தனிநூல் எழுதி, ஒவ்வோர் அமர்வும் தன்னளவில் முழுமை பெறவேண்டும் என்றார்.

துயருற்றோரிடம் சென்று, நாமே பேசி, நாமே எழுந்து வந்த நாட்கள் எத்தனை! இனியேனும் செவி கொடுப்போமாக.