குடுமியான்மலைப் படமும் விடுபட்ட இறுதி வரியும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை அடுத்த பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், கிரந்த எழுத்தில் 38 வரிகள். ஏழு பகுதிகளில் சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. இசைப்பாடத்தையே கல்லில் பொறித்திருப்பது அரிதினும் அரிது. எனவே இதன் ஒளிப்படம் பலவிடங்களில் அச்சேறுவதில் வியப்பில்லை. ஆனால் நாம் காணும் படங்கள் பலவற்றில் நடுவிலுள்ள சில வரிகளே இருக்கின்றன.

இதற்கு ஒரு காரணம் எளியது. பாறையின் எழுத்துப் பரப்பு ஏறக்குறையச் சதுரம். வழக்கமான படச்சுருளின் சட்டமோ 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. விலகி நின்றால் எழுத்து மங்கும்; நெருங்கினால் மேலும் கீழும் அறுபடும். படம் எடுத்தவரை நாம் குறை கூறோம். அறுபட்ட படத்தின்கீழ், ‘மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டுவித்தது’ என்று தயங்காமல் எழுதுகிறவரிடமே நமக்கு வழக்கு.

கல் அவ்வாறு சொல்லவில்லை. உருத்திராசாரியரின் மாணாக்கனும் சிவபத்தனுமான ஓர் அரசன், மாணாக்கர் நன்மைக்காக இதைச் செய்தான் என்பதே இறுதிக் குறிப்பு. அரசன் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்பது அறிஞர் சிலரின் ஊகம், மறுப்போரும் உளர். வழக்கின் ஆவணமே அந்தக் குறிப்புத்தான். அதை வெட்டிவிட்டுத் தீர்ப்பை மட்டும் அச்சிட்டால், வாசகர் எதைக்கொண்டு ஆராய்வார்?

இன்னும் பெரிய இழப்பு அதற்கும் கீழே இருக்கிறது. வடமொழிப் பாடம் முடிந்தபின் தமிழில் ஒரு சிறு வரி: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் பொருளது. நரம்புகளின் எண்ணிக்கை என்றே பலரும் கொள்வர். ஏழு நரம்புடைய வீணைக்குப் பரிவாதினி என்று பெயர். அச்சொல்லும் அருகே பாறையில் வெட்டப்பட்டுள்ளது. பக்கவாட்டில் குறுக்கிய படத்தில் அதுவும் மறைந்துவிடும். கொள்கை வடமொழியில் நிற்க, கருவியை மடியில் வைத்திருப்பவனுக்கு வேண்டிய சொல் தமிழில் வந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு வரி இல்லையேல் இது வாசிப்பதற்கான பாடம் என்பதே புலப்படாது.

போதகர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரம் நரம்புக் கருவி பற்றிய குறிப்போடுதான் முடிகிறது. 6ஆம், 12ஆம் சங்கீதங்களின் தலைப்பிலுள்ள செமினீத் என்னும் சொல்லும் எட்டு என்ற எண்ணைச் சார்ந்ததே. ஆராதனையில் இவற்றை வாசியாமல் கடந்துபோகிறோம். நேரம் மிச்சமாகிறது, உண்மைதான். பாடியவர்களும் பாடகர் தலைவனும் சபையின் செவிக்கு எட்டாமலே நின்றுவிடுகிறார்கள்.

கல்வெட்டுப் படத்தை வெளியிடுவோர் முழுப் பரப்பையும், அருகில் ஓர் அளவுகோலோடு, முதலில் அச்சிடட்டும். எழுத்து தெரியவேண்டுமானால் நெருக்கப் படம் அடுத்த பக்கத்தில் வரலாம். அது எந்த வரி முதல் எந்த வரி வரை என்று கீழே குறிக்கவேண்டும். மகேந்திரவர்மன் பெயரைச் சேர்ப்பதாயின், ‘எனச் சிலர் கருதுவர்’ என்ற மூன்று சொற்களுக்கும் இடம் விடவேண்டும்.