இன்ட் என்றால் எத்தனை பைட்? ஒரு பாடப்புத்தக அட்டவணையைப் பற்றி

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில், 2018ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், சி++ அறிமுகப் பாடத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. இடது பக்கம் தரவினங்களின் பெயர்கள். பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள்: டர்போ சி++ல் எத்தனை பைட், டெவ் சி++ல் எத்தனை பைட். இன்ட் என்ற வரிசையில் முதலில் 2, அடுத்து 4. சின்ன அட்டவணைதான். ஆனால் போடி மாதிரி ஊரில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு, கணினி எண்ணை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி முதலில் கிடைக்கிற தகவல் அநேகமாக இதுதான். அதனால் அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகங்கள் பல 'இன்ட் = 2 பைட்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். இந்தப் புத்தகம் கம்பைலரைப் பொறுத்து மாறும் என்கிறது, இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது, சைஸ்ஆஃப் என்ற செயற்குறியையும் அறிமுகம் செய்கிறது. இது முன்னேற்றம்தான்.

ஆனால் அட்டவணையைப் படித்து முடித்ததும் மாணவர் மனதில் என்ன தங்கும்? டர்போ சி++ பழசு, அதனால் 2. டெவ் சி++ புதுசு, அதனால் 4. இனிமேல் 4 என்று வைத்துக்கொண்டால் போதும். என் குறை இங்கேதான். இந்த எண்கள் மென்பொருளின் பெயரையோ வயதையோ பொறுத்தவை இல்லை. டர்போ சி++ 1990ல் போர்லண்ட் நிறுவனம் டாஸுக்காகக் கொண்டு வந்தது. அது எழுதித் தந்தது 16 பிட் இயந்திரத்துக்கான கட்டளைகள், அதனால் 2. டெவ் சி++ உண்மையில் கம்பைலரே இல்லை, நிரல் எழுதும் மேசை மட்டும்தான். அதற்குள் வேலை செய்வது ஜிசிசியின் விண்டோஸ் வடிவம். அந்த ஜிசிசியே வேறொரு இயந்திரத்துக்காக வேலை செய்தால் இன்ட்டுக்கு 2 என்று சொல்லும். அட்டவணையில் இல்லாத சொல் 'எந்த இயந்திரத்துக்கு' என்பது.

ஜிசிசிக்குள் என்ன நடக்கிறது?

அதற்குள் இரண்டு அகராதிகள் இருக்கின்றன. ஒன்று மொழியின் அகராதி: இன்ட், லாங், ஃப்ளோட், டபுள். நாம் எழுதுவது இது. இன்னொன்று இயந்திரத்தின் அகராதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மெஷின் மோட். ஒரு மதிப்பு எத்தனை இடம் எடுக்கும், எந்த வடிவத்தில் இருக்கும் என்பதை மட்டும் சொல்கிற இரண்டு எழுத்துப் பெயர்கள். க்யூஐ என்றால் 1 பைட் முழு எண். எச்ஐ 2 பைட். எஸ்ஐ 4. டிஐ 8. மிதவைப் புள்ளி எண்களுக்கு எஸ்எஃப் 4, டிஎஃப் 8. நிரல் கம்பைலருக்குள் கொஞ்சதூரம் போனதும் இன்ட், லாங் என்ற சொற்களுக்கு வேலை போய்விடும். ஒவ்வொரு மதிப்பின் மேலும், ஒவ்வொரு கூட்டல் கழித்தலின் மேலும் இந்த மோட்தான் ஒட்டியிருக்கும்.

ஒரு அகராதியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது? ஜிசிசியின் மூலநிரலில் ஒவ்வொரு இயந்திர வகைக்கும் தனி அடைவு உண்டு. அதில் 'இந்த இயந்திரத்தில் இன்ட் இத்தனை பிட், லாங் இத்தனை பிட்' என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருப்பார். அவ்வளவுதான். இன்ட்டின் அளவு இயற்கை விதி இல்லை, ஒப்பந்தம். சி மொழியின் தரநிலை கேட்பது குறைந்தபட்சம் மட்டும்: இன்ட்டுக்கு 16 பிட்டாவது, லாங்குக்கு 32 பிட்டாவது வேண்டும். அதற்கு மேல் அவரவர் விருப்பம். ஆக 2ம் சரி, 4ம் சரி.

இன்னொரு விஷயமும் இங்கே தெரியவரும். மோடில் கூட்டல் குறி, கழித்தல் குறி என்ற பேச்சே இல்லை. 16 பிட்டில் 40,000 என்ற எண்ணும் −25,536 என்ற எண்ணும் ஒரே பிட் வரிசைதான். எது என்பது நாம் அதை என்ன செய்யச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. வகுத்தல் என்றால் குறியுள்ளதற்கு ஒரு செயல், குறியில்லாததற்கு வேறு செயல். பாடப்புத்தகம் 'அன்சைன்டு' என்பதைத் தனி இனமாக வரிசையில் போட்டுவிட்டுப் போகிறது. இயந்திரம் அப்படிப் பார்ப்பதில்லை.

ஜிசிசியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயம் இல்லை. அதன் பெயர்களைப் பாருங்க. க்யூ என்றால் கால், எச் என்றால் அரை, எஸ் என்றால் ஒன்று, டி என்றால் இரட்டை. எதில் கால், எதில் அரை? 32 பிட் சொல்லில். 1987ல் ஜிசிசி வெளிவந்தபோது அதன் மனதில் இருந்தது 32 பிட் இயந்திரங்கள்தான். இன்றைக்கு உங்கள் மடிக்கணினியில் முழுச் சொல் 64 பிட், ஜிசிசி அதை 'இரட்டை' என்கிறது. அர்டுயினோ பலகையில் இருக்கும் சின்னச் சில்லில் ஒரு ரெஜிஸ்டர் 8 பிட், அதன் முழு அளவை 'கால்' என்கிறது. பெயர் பழைய ஊரிலேயே நின்றுவிட்டது.

போடிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஏலக்காய்க்கு அக்மார்க் கொடுத்த தரப்பெயர் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்'. காய் விளைவது மலையில், பெயரில் இருப்பது கடலோர ஆலப்புழை. அந்தக் காலத்தில் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது. 'எக்ஸ்ட்ரா போல்ட்' என்ற சொல்லை வைத்து யாராலும் அளவைச் சொல்ல முடியாது, விதியைப் பார்த்தால்தான் 7 மில்லிமீட்டர் என்று தெரியும். அதனால் வியாபாரத்தில் '8 எம்எம்' என்று எண்ணையே சொல்லிவிடுகிறார்கள். எல்எல்விஎம் என்ற பிந்தைய கம்பைலர் கட்டமைப்பு செய்ததும் இதைத்தான். கால், அரை எல்லாம் வேண்டாம் என்று ஐ8, ஐ16, ஐ32, ஐ64 என்று பிட் எண்ணையே பெயராக்கிவிட்டது. என் ஓட்டு அதற்கே.

அக்மார்க்கில் விட்டம் மட்டும் பார்ப்பதில்லை, லிட்டர் எடையும் பார்க்கிறார்கள். எக்ஸ்ட்ரா போல்ட் என்றால் ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது நிற்க வேண்டும். காரணம், பெரிய காய் உள்ளே பொக்காகவும் இருக்கலாம். லாங் டபுள் அப்படிப்பட்ட காய்தான். இன்டெல் வகைச் சில்லில் அதன் உண்மையான சரக்கு 80 பிட், அதாவது 10 பைட். டர்போ சி++ல் அது 10 பைட். 32 பிட் லினக்ஸில் அதே சரக்கு 12 பைட் பையில் வரும். 64 பிட் லினக்ஸில் 16 பைட் பையில் வரும். உள்ளே இருப்பது ஒன்றே, மீதி வெறும் இடம். ஜிசிசி இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: எத்தனை பைட் பிடிக்கும், அதில் எத்தனை பிட்டுக்கு அர்த்தம் உண்டு. பாடப்புத்தகத்தின் 'பைட்' நெடுவரிசை பையை மட்டும் அளக்கிறது.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்த ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வெப்பம் 45லிருந்து 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதிகம் காய்ந்தால் பச்சை நிறம் போகும், காய் வெடிக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது, அங்கே நிறமும் விலைதான். ஒரு கல்லூரி மாணவர் அர்டுயினோ ஊனோ வைத்து உலர்த்திக்கு ஒரு நேரக் கட்டுப்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 மணி நேரம் கழித்து விசிறி நிற்க வேண்டும். விநாடி எண்ணிக்கையை ஒரு இன்ட்டில் வைக்கிறார். பதினோராம் வகுப்பில் 4 பைட் என்று படித்தவர். மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கிறார், சரியாக வருகிறது.

ஊனோவில் இன்ட் 2 பைட். அதிகபட்சம் 32,767. விநாடியாகப் பார்த்தால் 9 மணி 6 நிமிடம் 7 விநாடி. அதற்கு மேல் எண் நிரம்பி வழியும். சி++ விதிப்படி குறியுள்ள எண் வழிந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை. நடைமுறையில் பெரும்பாலும் −32,768க்குப் போய்விடும். 72,000 என்ற இலக்கை அது ஒருநாளும் தொடாது. விசிறி நிற்கவே நிற்காது.

யாரோ சொல்லி அவர் மாறியை லாங் ஆக்குகிறார். ஆனால் இலக்கை '20 * 60 * 60' என்று எழுதியிருக்கிறார். அந்த மூன்று எண்களும் இன்ட்தான், பெருக்கலும் இன்ட்டிலேயே நடக்கும். 72,000லிருந்து 65,536 போக மீதி 6,464. இப்போது விசிறி 1 மணி 47 நிமிடத்தில் நின்றுவிடும், காய் ஈரத்தோடு கிடக்கும். ஜிசிசி இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கவும் செய்யும். ஆனால் அர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். கம்பைலர் சொல்கிறது, நம் காதில் விழுவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாடப்புத்தகத்தின் 'பழைய' நெடுவரிசை இங்கே உயிரோடு இருக்கிறது. டர்போ சி++ போய்விட்டது, 2 பைட் இன்ட் போகவில்லை. பள்ளி ரோபோ போட்டிகளில் வரும் பலகைகள் பலவற்றிலும் அதுதான். ஊனோவில் டபுள் கூட 8 இல்லை, 4 பைட். கம்பைலர் ஜிசிசியேதான்.

லாங்கும் அப்படித்தான். அட்டவணைப்படி 4. அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்த காலம் உண்டு. அப்படி ஒரே கணினியில் 64 பிட் விண்டோஸும் 64 பிட் லினக்ஸும் போட்டுப் பாருங்க. விண்டோஸில் லாங் 4 பைட், லினக்ஸில் 8. சில்லு ஒன்று, கம்பைலர் குடும்பம் ஒன்று, ஒப்பந்தம் மட்டும் வேறு.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கு இல்லை. 1996 ஜூன் 4ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. 64 பிட் மிதவை எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. ஏரியான் 4க்கு எழுதிய நிரல் அது. அந்த ராக்கெட்டில் அந்த எண் அடங்கியது, புதிய ராக்கெட் வேகமானது. அட்டவணை சரி, இடம் மாறிவிட்டது.

இந்த ஒப்பந்தத்தை எழுதுகிறவர்கள் எங்கோ அமெரிக்காவில் மட்டும் இல்லை என்பதையும் பாடப்புத்தகம் சொல்லியிருக்கலாம். சென்னை ஐஐடியின் சக்தி சில்லுகளில் இ வகுப்பில் 32 பிட் உண்டு, சி வகுப்பு 64 பிட். இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் வழிவந்தவை. வழக்கமான ஒப்பந்தப்படி இன்ட் இரண்டிலும் 4, லாங் ஒன்றில் 4, இன்னொன்றில் 8. இஸ்ரோ 2009 முதல் ராக்கெட்டுகளில் 16 பிட் விக்ரம் 1601 சில்லைப் பயன்படுத்தியது, 2025 மார்ச்சில் 32 பிட் விக்ரம் 3201 அதன் கைக்கு வந்தது. அதன் கட்டளைத் தொகுப்பு சொந்தமானது, அதற்கான ஏடா கம்பைலரையும் இஸ்ரோவே செய்தது. அப்படியென்றால் 'இந்த இனம் இத்தனை பிட்' என்ற வரியையும் நம் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் எழுதப்போகிற வரி அது. மனப்பாடம் செய்ய வேண்டிய வரியாக மட்டும் அதைக் காட்டுவது சரியில்லை.

'ஆரம்பத்தில் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவும் எதுக்கு?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெஷின் மோட் பற்றிப் பள்ளியில் சொல்ல வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் பலவகை இயந்திரங்கள் இருக்காது என்பதும் தெரியும். நான் கேட்பது மூன்று சின்ன மாற்றம்தான். நெடுவரிசைத் தலைப்பில் மென்பொருளின் பெயரோடு இயந்திரத்தின் பெயரையும் போடுங்கள்: 16 பிட் டாஸ், 64 பிட் விண்டோஸ், 64 பிட் லினக்ஸ், அர்டுயினோ ஊனோ. தரநிலை தரும் குறைந்தபட்ச உத்தரவாதத்தை ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள், மாணவர் நம்பக்கூடியது அது ஒன்றுதான். கடைசியாக, அளவு முக்கியமான இடத்தில் இன்ட்32_டி மாதிரி அளவையே பெயரில் சொல்லும் இனங்களைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுங்கள். சி மொழியில் 1999லிருந்தும் சி++ல் 2011லிருந்தும் அவை தரநிலையிலேயே இருக்கின்றன.

தேர்வில் 'இன்ட் எத்தனை பைட்?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு வாங்க, மதிப்பெண் முக்கியம். வெளியே வந்து ஒரு பலகையைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக சைஸ்ஆஃப் போட்டு அதனிடமே கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது அந்த இயந்திரம்தான்.