அக்காடு: சாபமா, வறட்சியா?

மெசபடோமியாவில் சார்கோன் எழுப்பிய அக்காடுப் பேரரசு ஏன் விழுந்தது? பேரன் நராம்-சின் நிப்பூரில் என்லில் கோயிலை இடித்ததால் என்கிறது 'அகாதேயின் சாபம்' என்ற சுமேரியப் பிரதி. அகழ்வில் கிடைத்த முத்திரைச் செங்கற்களோ அவன் அதைப் புதுப்பித்துக் கட்டியதாகச் சொல்கின்றன.

1993இல் ஹார்வி வைஸ் குழு சாபத்தின் இடத்தில் வறட்சியை வைத்தது: கி.மு. 2200 வாக்கில் மழை பொய்த்து, வட சிரியாவின் டெல் லெய்லான் காலியானது. வறட்சியை நான் மறுக்கல. ஆனா அதே லெய்லானில் ஒரே அளவில் வனைந்த கூலிக் கலயங்களும் கிடைத்தன. உழைத்தவனுக்குப் படியளந்துவிட்டு மிச்சப் பார்லியை வாரிக்கொண்டுபோன ஆட்சி அது. அக்காடு பெண் கொடுத்து உறவாடியதாகக் கருதப்படும் டெல் மோசானோ (மழை கூடுதலான ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன்) தாக்குப்பிடித்தது.

சாபம், வானிலை, இரண்டு கதையாடலிலும் தானியம் வாரியவன் காணாமல் போகிறான். கலயம் ஏந்தியவனுக்கு அது வீழ்ச்சிதானா என்று யாரும் கேட்கல.