கூரைப்புல்லும் ஓடைநீரும்: பெர்ன்ஹில்லை முன்வைத்துப் பள்ளி அறிவியல் குறித்த ஒரு திறனாய்வு

வட்டார அறிவைப் பாடத்தோடு இணைக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு முதல் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை வரை வலியுறுத்தப்பட்டு வருவதாகும். நடைமுறையில் அவ்விணைப்பு பெரும்பாலும் மூலிகைப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. துளசி சளிக்கு நல்லது என்றெழுதிய அட்டையை மாணவர் எவரும் ஐயுறுவதில்லை. ஐயத்திற்கு இடமில்லாதவிடத்து அறிவியலுக்கும் இடமில்லை.

உதகையின் பெர்ன்ஹில் பகுதி வேறொரு வழியைக் காட்டவல்லது. தோடர் தம் கோயிற்கூரையை வேய்வதற்கு எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி எனத் தாவரவியலார் குறிக்கும் புல்லைப் பயன்படுத்துகின்றனர். அது மேல்மலைச் சதுப்புகளில் வளர்வது. எனவே அதனைத் தேடிச் செல்பவருக்கு நீர் தங்கும் இடமும் வற்றிய இடமும் தெரிந்திருத்தல் வேண்டும். கூரை வேய்தல் ஒருவகையில் நீர்நிலைக் கணக்கெடுப்பும் ஆகும்.

இதே பெர்ன்ஹில்லில் இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு மையம் உள்ளது. அம்மையத்தினர் கிளன்மார்கனில் ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டனர். ஒன்று இயற்கைப் புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றதில் 1972இல் 59 விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரம் நடப்பட்டது. முதற் பத்தாண்டுச் சுழற்சியில் அதன் ஆண்டு நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ‘முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என முடித்துவிடுவது எளிது, தவறும் அதுவே. புல் தேடுபவரின் அறிவு 16 என்ற எண்ணைத் தராது. நீரளவி, எந்தச் சதுப்பு எவருக்கு எதன்பொருட்டு வேண்டியதாயிருந்தது என்பதைச் சொல்லாது. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றிதழ் அன்று, வினா.

அவ்வினாவை மாணவர் கையாலேயே தொடங்கலாம். அடி நீக்கிய தகரக் குவளை ஒன்றைப் புல்வெளியிலும் மற்றொன்றைக் கற்பூர மரத்தடியிலும் அழுத்தி, ஒரே அளவு நீர் இறங்கும் நேரத்தைக் குறித்தல் போதும். மரத்தடியிலும் நீர் விரைவாக இறங்கக்கூடும். (ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை, பாடம் அங்குதான் சூடு பிடிக்கிறது.) அவ்வாறாயின் ஓடையில் நீர் குறைவானேன்? இலைகள் தடுத்து நிறுத்தும் மழையும் வேர்கள் உறிஞ்சி நீராவிப்போக்காய் வெளியேறும் நீரும் அப்போது மனப்பாடச் சொற்களாக இரா.

வகுப்பில் தோடர் பிள்ளை ஒருவர் இருப்பின் அவரைக் காட்சிப்பொருளாக்காமை முதன்மையானது. புல்லின் பெயரைத் தோடமொழியில் சொல்லிக் கரும்பலகையில் எழுத வேண்டியவர் மூத்தோர் ஒருவரே. அவரைப் பாடவளநராக அழைத்து, ஏனைய வளநர்க்குரிய மதிப்பூதியத்தையே அவருக்கும் வழங்குதல் வேண்டும். தேர்விலும் அவ்வினா ஒன்றேனும் இடம்பெறாதவரை ஆசிரியர் அதற்கு நேரம் ஒதுக்கார்.