ஒரு ஃபோன், நாற்பது அட்டைகள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது" என்று கத்தும். அமெரிக்காவின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் யாருக்கும் இந்தக் கோரஸ் பழக்கம்தான். உண்மையில் கத்துவது முன்வரிசையில் நாலைந்து பேர், பெரும்பாலும் வீட்டில் பாட்டி தாத்தா இருக்கிற பிள்ளைகள். மற்றவர்கள் வாயசைப்பதோடு சரி. அவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் பிளிக்கர்ஸ் செயலியை இந்தப் பருவத்தில் என் வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

இதில் பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை போதும். அதன் நடுவில் க்யூஆர் கோடுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு கறுப்பு உருவம். நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து, மூலையில் அட்டை எண். எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் ஃபோன் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நகர்த்தினால், யார் எதைத் தேர்ந்தார்கள் என்று பெயரோடு ஃபோன் திரையில் வந்துவிடும். சரியான விடைக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு. அந்த நிறங்கள் ஆசிரியர் கண்ணுக்கு மட்டும். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்பினாலும் பலனில்லை. அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கி அச்சிடலாம். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகள், பெரிய தொகுப்பில் 63. அடுத்த மணிநேரம் வேறொரு வகுப்பு வந்தாலும் அதே அட்டைகளைக் கொடுக்கலாம், பெயர்ப் பட்டியல்தான் மாறும்.

"கஹூட் இருக்கும்போது இது எதற்கு?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். 2013இல் நார்வேயிலிருந்து வந்த வினாடி வினா விளையாட்டான கஹூட்டைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இன்று இல்லை. எனக்கும் பிடிக்கும், ஆண்டுவிழாவுக்கு முந்தைய வாரம் அதைவிட்டால் வேறு கதியில்லை. ஆனால் அதற்கு ஆளுக்கொரு கருவி வேண்டும். எங்களைப் போன்ற பள்ளிகள் வாடகைக் கட்டடத்தில் நடப்பவை, அங்குள்ள கணினிகளைத் தொட அனுமதி கிடையாது. அதைவிட முக்கியம், கஹூட்டின் வழக்கமான ஆட்டத்தில் சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி. 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒரு பிள்ளைக்கு நேரம் ஓடிவிடுகிறது. படிக்கத் தெரிந்தவனுக்கும் குத்துமதிப்பாக அழுத்துபவனுக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. பிளிக்கர்ஸில் கடிகாரம் விரட்டுவதில்லை. கடைசி அட்டை உயரும்வரை காத்திருக்கலாம்.

இன்னொரு நிம்மதி, பிள்ளைகள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களை இணையத்தில் சேகரிப்பதற்குக் கட்டுப்பாடு வைக்கும் சட்டம் அமெரிக்காவில் 1998லேயே வந்துவிட்டது. பெற்றோர் அதைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார்கள். நான் செயலியில் முதல் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன். அதுவும் வேண்டாம் என்பவர்கள் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அச்சிடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெல்லிய தாள் இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். சரி, லேமினேட் செய்துவிடலாம் என்று பளபளக்கும் உறையைப் போட்டால் ட்யூப்லைட் அதில் பட்டுத் தெறிக்கும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. தடித்த தாள், தேவைப்பட்டால் மினுக்கமில்லாத உறை, இதுதான் சரி. கட்டைவிரல் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் அட்டை பதிவாகாது, ஆகவே ஓரத்தைப் பிடிக்கப் பழக்க வேண்டும். கடைசி வரிசை எட்டவில்லையென்றால் ஃபோனோடு நாமே நாலடி முன்னே போனால் போதும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எழுத்து அட்டையின் முன்பக்கத்தில் இருக்கிறது. பிள்ளை அதைத் தன் பக்கம் பிடித்துப் பார்த்து, 'ஏ' மேலே இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகு ஆசிரியர் பக்கம் திருப்ப வேண்டும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்பினால் 'ஏ' மேலேயே இருக்கும். சின்னப் பிள்ளைகள் பலர் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். மேலே இருந்தது கீழே போய், எதிர் ஓரத்து எழுத்து மேலே வந்துவிடுகிறது. பதில் தெரிந்த பிள்ளைக்குச் சிவப்பு விழுகிறது. ஒரே பிள்ளைக்கு எளிய கேள்விகளில் தொடர்ந்து தவறு வந்தால் முதலில் கையைப் பாருங்கள், பிறகு தமிழைப் பார்க்கலாம். இதற்கு மருந்து ரொம்பச் சுலபம். அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஓரத்துக்கும் நேர் பின்னால் அதே எழுத்தைப் பென்சிலால் எழுதிவிட்டால், திருப்பும் வேலையே இல்லை. பின்பக்கத்தைப் பார்த்தபடியே பிடிக்கலாம்.

இனி கேள்விகளுக்கு வருவோம். செயலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், கேள்வி சோப்ளாங்கியாக இருந்தால் எல்லோருக்கும் பச்சைதான் விழும். 'இது என்ன?' என்று பசுவின் படத்தைக் காட்டி, பசு, மேசை, வானம், ஞாயிறு என்று விடைகள் கொடுத்தால் அது கேள்வியே இல்லை. தவறான விடை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிள்ளை உண்மையிலேயே செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும்.

நான் அதிகம் பயன்படுத்துவது காதுக்கான கேள்விகள். கேள்வியோடு ஒரு படம் சேர்க்க வழியிருக்கிறது. அந்த ஒரே படத்தை நான்காகப் பிரித்து, ஏ-யில் பல்லி, பி-யில் பள்ளி, சி-யில் புலி, டி-யில் புளி என்று வரைந்து வைத்தேன். கேள்வியைக் காட்டும் வகுப்புத் திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. "புளி" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். வழக்கமான கோரஸ் எழவில்லை. ஃபோனில் பார்த்தால் வகுப்பில் ஏறக்குறைய பாதி புலியைத் தூக்கியிருந்தது. முன்வரிசைக் கெட்டிக்காரர்களும் அதில் அடக்கம். ஆங்கிலத்திலேயே நாளெல்லாம் புழங்கும் காதுக்கு லகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் விழும். கரும்பலகையில் எழுதிக்காட்டி "இதைப் படி" என்றிருந்தால் இது வெளியே வந்திருக்காது. எழுத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு. வீட்டுத் தமிழ் தெரியும், பாடப்புத்தகத் தமிழ் தெரியாது என்கிற பிள்ளைகளுக்கானது. "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்று நான் சொல்வேன். திரையில் 'அவர்கள் ஊருக்குப் போகிறார்கள்', 'போய்விட்டார்கள்', 'போவார்கள்', 'போகவில்லை' என்று நான்கு விடைகள். கேட்டது புரியும், கண்ணால் பார்ப்பது புரியாது. இந்த இரண்டையும் ஒட்டவைப்பதுதான் வார இறுதிப் பள்ளியில் பாதி வேலை. வாரம் தவறாமல் இப்படி ஒரு கேள்வி வைத்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், எந்த வாரமும் பச்சை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளுடைய அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் மொழி ஆசிரியர்களின் பெரிய அமைப்பான ஆக்ட்ஃபில், வகுப்பு நேரத்தில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ கற்பிக்கும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்கிறது. பயிலரங்குகளில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். வகுப்புக்கு வந்ததும், புரிந்ததா என்று பார்க்க வேண்டிய கட்டத்தில் எல்லாம் சரிந்துவிடுகிறது. "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று நாமே ஆங்கிலத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். படமும் அட்டையும் அந்த இடத்தில்தான் உதவுகின்றன. பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசாமல், புரிந்ததைக் காட்டிவிட முடிகிறது. நமக்கும் மொழிபெயர்க்கச் சொல்லும் பழக்கம் மெல்ல விட்டுப்போகிறது.

வகுப்பு முடிந்தபின் ரிப்போர்ட் பார்க்கலாம். பிள்ளைவாரியாக மதிப்பெண் வருகிறது, அதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கேள்விவாரியாக எத்தனை பேர் எந்தத் தவறான விடைக்குப் போனார்கள் என்று வருவதுதான் சரக்கு. வார இறுதிப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் வாரநாளில் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள். ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. எங்கள் ஆசிரியர் கூட்டங்கள் வருகைப் பதிவிலும் ஆண்டுவிழாச் சமோசா எண்ணிக்கையிலும் கரைந்துபோகும். இப்போது ஆளுக்கு ஒரு கேள்வியின் முடிவைக் கொண்டுவருகிறோம். எல்லோரும் ஒரே தவறான விடைக்குப் போயிருந்தால் நடத்தியதில் கோளாறு. நான்கு பக்கமும் சிதறியிருந்தால் ஒன்று பாடமே எட்டவில்லை, அல்லது கேள்வியே குழப்பம். எந்தப் பயிலரங்கைவிடவும் இந்தப் பேச்சில்தான் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

போதாத இடமும் இருக்கிறது. ஆக்ட்ஃபில் மொழிப் புழக்கத்தை மூன்றாகப் பிரிக்கிறது: கேட்டும் படித்தும் புரிந்துகொள்வது, எதிரே இருப்பவரோடு உரையாடுவது, தயார்செய்து பேசுவது அல்லது எழுதுவது. பிளிக்கர்ஸ் தொடுவது முதலாவதை மட்டுமே. அட்டையைத் தூக்கும் பிள்ளை தமிழில் வாய் திறப்பதில்லை. பள்ளி முடிக்கும்போது இருமொழித் தேர்ச்சிக்கான முத்திரை வாங்க நினைக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச்சும் எழுத்தும் வேண்டும், அவர்களுக்கு இது ஓரளவுக்குத்தான். என் வகுப்பில் இதற்கு முதல் பத்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. ஒரே கேள்விக்கு ஏ தூக்கியவரும் சி தூக்கியவரும் ஜோடி சேர்ந்து, ஏன் என்று தமிழில் வாதாட வேண்டும் என்று வைத்த பிறகுதான் அந்தப் பத்து நிமிடத்துக்கே உயிர் வந்தது.

கேள்வியைத் திரையில் காட்டும் நம் சொந்தக் கணினியும் ஃபோனும் இணையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். கட்டடத்து வைஃபையை நம்பாமல் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கேள்விகளை முந்தின இரவே தட்டச்சு செய்துவிடுங்கள், தமிழ் யூனிகோடில் எந்தத் தகராறும் இல்லை.

இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விகள்தான் போட முடியும். பள்ளித் தேர்வையே இதில் நடத்த நினைப்பவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும், அவர்கள் கட்டணக் கணக்குக்குத்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் வகுப்புக்கு ஐந்து கேள்வி தாராளம். கூடுதலாக வேண்டுமென்றால் இரண்டு தொகுப்பாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காசை நல்ல தடித்த தாளுக்குச் செலவழியுங்கள், நாலைந்து அட்டைகளை இரண்டு பிரதியாகவும் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் ஏதாவது ஒன்று பையிலேயே நனைந்து வரும்.