தப்பியவரின் சாட்சியும் தப்பாதவரின் கடவுளும்

கடவுள் எப்படிப்பட்டவர் என்ற எண்ணம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் மனத்தில் பிரசங்கத்தைக் கேட்டு உருவாவதைவிடச் சாட்சியைக் கேட்டுத்தான் அதிகம் உருவாகிறது. அந்தமானின் டெலானிபூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டமானாலும் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆலயமானாலும் சாட்சியின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் எழுந்து ஸ்தோத்திரம் சொல்வார். வந்த ஆபத்து, டாக்டர் கைவிரித்த நாள், முழங்காலில் நின்று செய்த ஜெபம், கிடைத்த விடுதலை என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார். சபை அல்லேலூயா என்னும். ஸ்தோத்திரக் காணிக்கை உறை பையில் விழும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் இதற்கென்றே நேரம் ஒதுக்கும் சபைகள் உண்டு. கடவுளின் வல்லமையும் நன்மையும் எப்படி ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று இறையியலார் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள்; சாட்சி ஐந்தே நிமிடத்தில் அதற்கு ஒரு முடிவு சொல்லிவிடுகிறது. ஆகவே இந்த வழக்கத்தைக் கடவுளைப் பற்றிய ஒரு போதனையாகவே எடுத்து எடைபோட வேண்டியிருக்கிறது. சாட்சி கடவுளின் அருகாமையைச் சரியாகச் சொல்கிறது. அவருடைய குணத்தைச் சொல்லும் இடத்தில் பிசகுகிறது என்பதே என் கருத்து. தப்பியவர்கள் மட்டுமே பேசும் இடத்தில் உருவாகும் கடவுள், சிலுவையில் அறையப்பட்டவரை நம்பும் சமயத்துக்கு அந்நியமானவர்.

முதலில் இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. குருப்பட்டம் இல்லாதவர்கள், படிக்காதவர்கள், வீட்டிலும் வெளியிலும் வாய் திறக்க இடம் கிடைக்காத பெண்கள் எல்லோரும் கடவுளைப் பற்றிப் பேச உரிமை பெறுவது சாட்சியில்தான். இந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கிறிஸ்தவ வரலாறும் அப்படித்தான் தொடங்கியது. தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்ட மொரேவிய மிஷனரிகள் 1768இல் நான்கவுரிக்கு வந்தார்கள். பலர் காய்ச்சலில் மாண்டார்கள். 1787இல் பணி கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1890களில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் வேரூன்றியவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார். அவரிடம் படித்த சிறுவன்தான் பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர், 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர். ஒரு மனிதர் தாம் கண்டதைத் தம் வாயால் சொன்னதில் பரவிய நம்பிக்கை இது. அனுபவத்தைக் கடவுளை அறியும் வழியாகக் கொள்வது தமிழ் மண்ணுக்கும் இயல்பானது. ஏ.ஜே.அப்பாசாமி 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி எழுதியபோது, தமிழ்ப் பக்தி மரபின் இந்தப் பக்கத்தைத்தான் துணைக்கு அழைத்தார். எதனாலும் அசையாமல் எட்ட நிற்கும் தத்துவக் கடவுளைச் சாட்சி ஒருபோதும் ஏற்றதில்லை. அந்த மறுப்பு விவிலியத்துக்கு நெருக்கமானது. கூக்குரலைக் கேட்டு இறங்கி வருகிறவர் என்பதுதானே யாத்திராகமத்திலிருந்து அவரைப் பற்றிய முதல் செய்தி.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை வேளாங்கண்ணியில் கண்ணெதிரே பார்க்கலாம். புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் கரை சேர்ந்து மாதாவுக்கு நன்றியாக எழுப்பிய ஆலயம் என்பது அதன் தோற்றக் கதை. கடலிலிருந்து தப்பியவர்களின் சாட்சியே அங்கே கோயிலாக நிற்கிறது. அங்குள்ள காணிக்கைப் பொருள் காட்சியகத்தில் வெள்ளியில் செய்த கைகால்களும் கண்களும் கண்ணாடிக்குப் பின்னே அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் கேட்கப்பட்ட ஒரு மன்றாட்டு. அதே மன்றாட்டைச் செய்து, குழந்தையைப் பறிகொடுத்துத் திரும்பிய தாய் அங்கே வைத்துவிட்டுப் போக ஒரு பொருள் இல்லை. யாரும் திட்டமிட்டு அவளை விலக்கவில்லை. நன்றியை மட்டும் சேகரிக்கும் எந்த இடத்திலும் இதுதான் நடக்கும். சாட்சி நேரத்திலும் அப்படியே. குணமடைந்தவர் எழுந்து நிற்கிறார், குணமடையாதவரின் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் உபவாசம் இருந்தவள்தான். “ஜெபித்தேன், கர்த்தர் காப்பாற்றினார்” என்ற வாக்கியம் அவள் காதில் விழும்போது அதன் மறுபாதியும் சேர்ந்தே விழுகிறது: உன் ஜெபத்தில் ஏதோ குறை, அல்லது அவருக்கு உன்மேல் பிரியம் இல்லை. பேசியவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். ஆனால் போதனை போதித்தவரின் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இந்தக் குறையை மறைக்க முடியாதபடி ஆக்கிற்று. அந்த நாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கத்தோடு தொடங்கிய கடலடி முறிவு, வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. வேளாங்கண்ணியில் பிரதான ஆலயத்துக்குள் நீர் புகவில்லை. அது அற்புதம் என்று பேசப்பட்டது. சென்னை சாந்தோமில் அப்போஸ்தலர் தோமாவின் பெயரால் நிற்கும் கம்பம் கடலைத் தடுத்தது என்றார்கள். ஆனால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்களே. ஆலயம் தப்பியது அடையாளம் என்றால், 1964 டிசம்பர் புயலில் சிதைந்து இன்றும் கூரையின்றி நிற்கும் தனுஷ்கோடி தேவாலயம் எதன் அடையாளம்? கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்களோடு போன ஆலயங்கள் எதன் அடையாளம்? இந்தத் தீவுகளில் இறந்தும் காணாமலும் போனவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 3,500 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபார்த் தீவுகளைச் சேர்ந்தவர்கள். அதாவது நாட்டிலேயே கிறிஸ்தவ நம்பிக்கை மிக ஆழமாக ஊன்றிய சமூகங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அதே நிலநடுக்கத்தில் தீவுகளின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது, வட அந்தமானின் கரை மேலெழுந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் அங்கே வாழ்ந்தவர்களின் பக்திக்கும் தொடர்பு காட்ட எவராலும் முடியாது. காப்பாற்றப்பட்டதை வைத்துக் கடவுளின் குணத்தைக் கணக்கிடுவது என்று வந்துவிட்டால், காப்பாற்றப்படாததையும் அதே கணக்கில் எழுதியாக வேண்டும். இரண்டையும் எழுதினால் கிடைக்கும் கடவுள் நல்லவராகவும் இருக்கமாட்டார், நீதியுள்ளவராகவும் இருக்கமாட்டார்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற எளிதாகக் கிடைக்கும் வழி, மாண்டவர்கள்மேல் பழியைப் போடுவது. சுனாமியை நியாயத்தீர்ப்பு என்று பிரசங்கித்தவர்கள் அன்று இருந்தார்கள். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சபலமும் அல்ல. 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் திருநெல்வேலியில் பேசிய காந்தி, அதைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றார். தீண்டாமையை வெறுப்பதில் காந்திக்குச் சற்றும் குறையாத தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இடிபாட்டில் நசுங்கிய குழந்தையை ஒரு பாடத்துக்கு உதாரணமாக்கும் கடவுளை வணங்கத் தகாது. தண்டனை என்ற இந்த வாதத்துக்கு இயேசுவின் ஆதரவும் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று தாமே கேட்டு, இல்லை என்று தாமே மறுத்ததாக லூக்கா எழுதுகிறார். யோபுவின் நண்பர்கள் வாய் பேசாமல் ஏழு நாள் உடன் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

“விவிலியமே விடுதலைச் சாட்சிகளால் நிறைந்ததுதானே, சிங்கக் குகையும் செங்கடலும் சாட்சி இல்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விவிலியம் அவற்றை எப்படி அடுக்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபை வாளால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்படுகிறார். இருவரும் இயேசுவின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஏன் தப்பினார், மற்றவர் ஏன் தப்பவில்லை என்பதற்கு லூக்கா ஒரு சொல்கூட விளக்கம் தரவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைந்தது என்று சொல்லும் துணிவு அவருக்கு இல்லை. எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் வாளுக்குத் தப்பியவர்களையும் வாளால் வெட்டுண்டவர்களையும் ஒரே விசுவாசப் பட்டியலில் சில வசன இடைவெளியில் வைக்கிறது. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு முறையீடு. எண்பத்தெட்டாவது சங்கீதம் விடிவு எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது, ஆனாலும் அது தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. நம் சாட்சி நேரம் இந்தப் பட்டியலில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தில் கார் நிக்கோபாரில் உளவாளிகள் என்று குற்றம் சாட்டிப் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சன் உயிர் பிழைத்தார். அவர் பிழைத்ததை மட்டும் கடவுளின் செயல் என்று சொல்லி நிறுத்தினால், கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் எந்தக் கடவுளை நம்புவது?

கிறிஸ்தவத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. சிலுவையடியில் நின்று ஏளனம் செய்தவர்கள் கேட்டது ஒரு சாட்சியைத்தான்: கடவுள் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்போது காப்பாற்றட்டும். காப்பாற்றப்படுவதே கடவுளின் அன்புக்கு அத்தாட்சி என்ற அளவுகோலை எடுத்தால், கல்வாரி கடவுள் கைவிட்டதற்கான அத்தாட்சி ஆகிவிடும். திருச்சபையோ நேர்மாறாக, தப்பாத அந்த மனிதரிடம்தான் கடவுளின் இயல்பு முழுமையாக வெளிப்பட்டது என்று அறிக்கையிட்டது. 325இல் நிக்கேயாவில் கூடியவர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று உறுதி செய்தபோது, சிலுவையில் தொங்கியவரைக் கடவுளைவிடக் குறைந்த ஒருவராக்கித் தப்பித்துக்கொள்ளும் வழியையும் அடைத்தார்கள். அப்படியென்றால் கடவுளின் வல்லமையைப் பற்றி நாம் பேசும் மொழியே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆபத்துக்கு வெளியே நின்று சிலரைத் தூக்கிக்கொள்ளும் கரமாக அல்ல, ஆபத்துக்குள்ளேயே இருப்பவராக அவரை அறிவதுதான் கிறிஸ்தவ அறிவு. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: கூடவே துன்பப்படும் கடவுளால் மூழ்குகிறவனுக்கு என்ன பயன்? உயிர்த்தெழுதல் இல்லையென்றால் ஒரு பயனும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உயிர்த்தெழுதல் மற்ற சாட்சிகளைப் போன்ற ஒன்று அல்ல. அது சாவைச் சுற்றிப் போகாமல் சாவின் வழியாகவே போனது; தப்பிய சிலருக்கு என்றில்லாமல் மாண்ட எல்லோருக்கும் வாக்களிக்கப்பட்டது. தமிழகம் தன் அப்போஸ்தலர் என்று சொந்தம் கொண்டாடும் தோமா அடையாளம் கேட்டபோது உயிர்த்தவர் காட்டியது காயங்களைத்தான்.

“அவர் சித்தமின்றி எதுவும் நடவாது, சுனாமிக்கும் ஒரு நோக்கம் இருக்கத்தான் வேண்டும்” என்பது இன்னொரு மறுப்பு. கடவுளின் ஆளுகையைக் காக்கும் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவது இது. அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட் 2005இல் சுனாமியை முன்னிட்டு எழுதிய சிறு நூலில் இதையே கடுமையாக எதிர்த்தார்: புதிய ஏற்பாட்டில் சாவு கடவுளின் கருவி அல்ல, எதிரி. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதோடு இந்த மண்ணிலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிலம் நடுங்கியதற்கும் தமிழகக் கரையை அலை தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தீவுகள் அதற்கு வெகு முன்பே அடிபட்டுவிட்டன. ஆனாலும் நாகப்பட்டினத்தை எச்சரிக்க அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. சுமத்ராவுக்கு அருகே சிமலூ தீவில், 1907ஆம் ஆண்டின் பேரலையை வாய்மொழியாகப் பாட்டிலும் கதையிலும் காத்துவந்த மக்கள், நிலம் ஆடியதும் மேட்டுக்கு ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாவற்றையும் கடவுளின் சித்தம் என்று எழுதிவிட்டால், மனிதர் செய்யத் தவறிய அந்த இரண்டு மணி நேரம் கணக்கிலேயே வராமல் போகும். கடவுளைக் கொடியவராக்கும் அதே விளக்கம் மனிதரைக் குற்றமற்றவராக்குகிறது.

எளிய விசுவாசிகளின் நம்பிக்கையை இந்த ஆராய்ச்சி கெடுக்கும் என்று போதகர்கள் அஞ்சக்கூடும். துக்கத்தில் இருப்பவர்களும் எளிய விசுவாசிகளே. அவர்கள் நம்பிக்கை கெடுவது வெளியே தெரிவதில்லை, கூட்டத்துக்கு வருவது நின்றுபோகிறது, அவ்வளவுதான். சாட்சியை நிறுத்தச் சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை. பிழைத்த குழந்தைக்காகத் தாய் நன்றி சொல்லக் கூடாது என்று யார் சொல்வார்கள்? வேண்டியது சபை ஒழுங்கில் ஒரு மாற்றம். வருஷக் கடைசி ஆராதனையில் விடுதலை பெற்றவர் எழுந்து நிற்கும் அதே இடத்தில், அந்த ஆண்டு கேட்டுப் பெறாதவரும் எழுந்து நின்று “கேட்டோம், கிடைக்கவில்லை, இன்னும் கேட்கிறோம்” என்று சொல்ல நேரம் கொடுக்க வேண்டும். அவருக்கும் சபை ஆமென் சொல்ல வேண்டும், உடனே ஒரு வசனத்தைக் காட்டி அவர் வாயை மூடக் கூடாது. போதகர் அதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. அந்த மேடையில் இதைச் சொல்ல முடிகிற சபைதான் யாக்கோபையும் பேதுருவையும் ஒரே அதிகாரத்தில் வாசித்திருக்கிறது.